முழு ஏற்றத்தில் எடுத்த தண்ணீர்

1

இந்தக் கதை என் அக்கா வீட்டுச் சமையலறையில், இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தொடங்கியது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அளந்துவிடுவார்கள். நானும் அளந்தவன்தான். இந்த முறை இல்லை.

ஒரு பத்திரிகை கதை கேட்டிருந்தது. காதலைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று, சாவைப் பற்றியும் எழுதியாயிற்று, சேற்றைப் பற்றித்தான் யாரும் உட்கார்ந்து எழுதவில்லை என்று எனக்கு ஓர் எண்ணம். விவரம் கேட்க வெளியே அலையவும் வேண்டாம். அக்கா இருபது வருடமாக ஒரு மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஆற்றின் அடியிலும் துறைமுகத்தின் அடியிலும் என்ன படிகிறது, எவ்வளவு வேகத்தில் படிகிறது என்று சொல்வதுதான் அவள் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய், வண்டல் எப்படிப் படிகிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொல்லேன், ஒரு கதைக்கு வேண்டும் என்றேன்.

அவள் சொல்லவில்லை, செய்து காட்டினாள். ஜன்னலில் ஒரு டப்பாவில் உலர்ந்த ஆற்றுக் களிமண் வைத்திருந்தாள் (மற்றவர்கள் அந்த இடத்தில் பூச்செடி வைப்பார்கள்). ஒரு பிடியை நுணுக்கித் தண்ணீரில் கரைத்து [கலக்கி] இரண்டு தம்ளர்களிலும் சமமாக ஊற்றினாள். இரண்டும் ஒரே மாதிரி கலங்கி நின்றன. ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கிண்டிவிட்டு, தேநீர் போடப் போய்விட்டாள்.

அடுப்படியில் நின்றபடியே விளக்கினாள். மணல் கனமானது, தண்ணீரில் விட்டதும் விழுந்துவிடும். களிமண் கண்ணுக்குத் தெரியாத பொடி. நல்ல தண்ணீரில் அந்தத் துகள்கள் பேச்சுவார்த்தை முறிந்த பங்காளிகள் மாதிரி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். தனித்தனியாக அடிக்கு வர நாள்கணக்காகும். அதற்குள் ஆறு அவற்றை அள்ளிக்கொண்டு கடலுக்குப் போய்விடும். ஆனால் உப்பு பட்டதும் பகை தீர்ந்துவிடுகிறது. ஒட்டிக்கொள்கின்றன, திரள்கின்றன, திரண்டால் எடை கூடி விழுந்துவிடுகின்றன. ஆறும் கடலும் சேருகிற இடத்தில் சேற்றுத் திட்டு உண்டாவது இதனால்தான்.

தேநீரைக் குடித்து முடித்து, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்தபோது, உப்புப் போட்ட தம்ளரில் மேலே மூன்று விரற்கடைக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் பஞ்சு மாதிரி சேறு. மற்ற தம்ளர் ஊற்றியபோது இருந்தபடியே கலங்கலாக இருந்தது.

"இத வச்சுத்தான் வியாழக்கிழமை விசாரணையில பேசப்போறேன்" என்றாள் அக்கா.

எந்த விசாரணை என்று எனக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஆற்று முகத்தில் ஒரு படகுத்துறை இருக்கிறது. கட்டி இரண்டு வருடம் ஆகிறது. மூன்று மாதங்களுக்கு முன் அங்கே பயணிகள் படகு ஒன்று தரைதட்டியது. நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். படகு சட்டென்று நின்றதில் ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. படகைச் செலுத்தியவரின் உரிமத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். துறையில் தூர் சேராது, ஆழம் போதும் என்று, துறை கட்டும் முன் எழுதிய ஆய்வறிக்கை சொல்கிறது. ஆகவே அவர்தான் வழி மாறிப் போய்த் திட்டில் ஏற்றியிருக்க வேண்டும் என்பது படகுத்துறை அலுவலகத்தின் கட்சி. வியாழக்கிழமை முடிவு. அந்த ஆய்வறிக்கையில் கையெழுத்துப் போட்டவள் அக்கா.

"அந்தத் துறைக்கு உப்புத்தண்ணி வர்றதில்ல. கடல் ஏறி வர்ற நேரத்துல, முழு ஏத்தத்துல எடுத்த தண்ணியையே அளந்து பாத்திருக்கேன். உப்பில்லன்னா சேறு அங்க நிக்காது. அந்த மனுஷன் வழி மாறித்தான் போயிருக்கணும். பாவந்தான், ஆனா என்ன பண்றது" என்றாள்.

அவள் சொன்ன அந்த ஏற்றத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்தவன் நான்.

2

வீட்டுக்கு வந்து கதையை எழுத உட்கார்ந்தேன். தொடக்கங்களை உள்ளபடியே விட்டுவைக்கிறேன்.

முதல் தொடக்கம்: "மலையுச்சியில் ஒரு பாறை வெயிலில் விரிசல் விடுகிறது. மழை அந்த விரிசலுக்குள்" [நிறுத்தினேன். ஆறாம் வகுப்புப் பாடம் போல இருக்கிறது. பாறையில் ஆரம்பித்தால் நான் கதைக்குள் வந்து சேர சில லட்சம் வருடங்கள் ஆகும். அதற்காகவே அங்கே ஆரம்பித்திருக்கிறேன்.]

இரண்டாம் தொடக்கம்: "சுக்கானைப் பிடித்திருந்தவரின் கண்கள் சிவந்திருந்தன. அன்று காலையிலேயே அவர்" [குடித்திருந்தார் என்று முடிக்கப் போனேன். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அவர் குடித்திருந்தால் எனக்கு வசதி, அவ்வளவுதான்.]

மூன்றாம் தொடக்கம்: "நான்கு வருடங்களுக்கு முன் அந்த இடத்தில் நான் தண்ணீர் எடுத்தது" [எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.]

தொடக்கம் கிடைக்கவில்லை என்று எழுதுகிறவர்கள் புலம்புவதை நிறையக் கேட்டிருக்கிறேன். என் அனுபவத்தில் தொடக்கம் கிடைக்காமல் போவதே கிடையாது. அது முதல் நாளே வந்து வாசலில் நிற்கும். அதன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நாம்தான் பின்வாசல் வழியாகப் போய்வருவோம்.

3

ஆகவே முன்வாசலைத் திறக்கிறேன்.

நான் அப்போது அக்காவின் ஆய்வுக்கூடத்தில் மாதிரி எடுக்கும் வேலையில் இருந்தேன். முப்பத்தொரு வயதில் வேறு எந்த வேலையும் நிலைக்காமல், அக்கா சொல்லிச் சேர்த்துவிட்ட வேலை. ஆற்றுக்கும் ஏரிக்கும் போய்ச் சேற்றையும் தண்ணீரையும் எடுத்து, கேனில் ஊற்றி, லேபிள் எழுதி ஒட்டிக் கொண்டுவர வேண்டும். லேபிளில் ஐந்து வரி: இடம், தேதி, நேரம், நீர்நிலை, எடுத்தவர்.

ஆற்று முகத்தில் தண்ணீர் நாளுக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். வற்றும்போது அங்கே இருப்பது ஆற்றுத் தண்ணீர். ஏறும்போது கடல் உள்ளே வரும். துறை கட்டப்போகும் இடத்துக்குக் கடல் வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால் முழு ஏற்றத்தில் எடுக்க வேண்டும். அன்று முழு ஏற்றம் மாலை ஐந்து மணிக்கு. அக்கா தாளில் எழுதி, அடிக்கோடு போட்டுக் கொடுத்திருந்தாள்.

அதே நாள் மாலை ஐந்தரைக்கு, ஆற்றிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், என் முதல் புத்தகத்தின் வெளியீட்டுக் கூட்டம். நான் அதிலிருந்து ஒரு கதை வாசிப்பதாக ஏற்பாடு. (இருபத்து மூன்று பேர் வந்தார்கள். அதில் ஆறு பேர் அடுத்த கூட்டத்துக்கு அதே மண்டபத்தில் காத்திருந்தவர்கள்.) நான் காலை பதினொன்றே காலுக்கு ஆற்றுக்குப் போனேன். நல்ல வற்றம். படியில் குனிந்து கேனை முக்கி எடுத்தேன். தண்ணீர் தண்ணீர்தானே என்று நினைத்தேன். உண்மையில் அதைக்கூட நினைக்கவில்லை, எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லேபிளில் நேரம் என்ற வரிக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்தேன். ஐந்து என்று எழுதினால் பொய் மாதிரி இருக்கும். 5.05 என்று எழுதினேன். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு மனிதன் ஆற்றங்கரையில் நின்று, தண்ணீர் ஏறி நிற்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தது தெரிகிறது, பாருங்கள். நீர்நிலை: முழு ஏற்றம். நான் இதுவரை எழுதிய புனைவுகளில் எல்லோரும் முழுசாக நம்பியது அந்த லேபிள் ஒன்றுதான்.

மறுநாள் அக்கா அளவுக் கருவியை விட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். உப்பே இல்லையே என்றாள். இரண்டு தடவை கேட்டாள், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"ஏத்தத்துலதான எடுத்த?"

"ஆமாக்கா."

"நின்னு பாத்து எடுத்தியா?"

"நின்னு பாத்தேன். தண்ணி ஏறி அசையாம நின்னதுக்கப்புறந்தான் எடுத்தேன்."

அந்த 'அசையாம' என்ற சொல் தேவையே இல்லை. ஆனால் பொய் சொல்லும்போது எனக்குக் கை தாராளம். அக்கா தலையாட்டிவிட்டு எழுதினாள்: துறைக்குக் கடல் நீர் வருவதில்லை, களிமண் படியாது, ஆண்டுக்கு இரண்டு விரற்கடைக்கு மேல் தூர் சேராது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆழம் பார்த்தால் போதும். அதற்குப் பிறகு சில மாதங்களில் நான் அந்த வேலையை விட்டுவிட்டேன், கேனையும் மறந்துவிட்டேன். படகு தரைதட்டிய செய்தியைப் படித்தபோது அந்தக் கேன் ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் தெரியாது, தெரியாது என்று மூன்று மாதம் ஓட்டினேன். தம்ளர் தெளிந்த பிறகு அப்படி ஓட்ட முடியவில்லை.

4

இப்போது அந்த இரண்டாம் தொடக்கத்துக்காரர். கதையில் அவரைக் குடிகாரராக்கப் பார்த்தவன் நான் என்பதால், நேரில் பார்த்துவிட வேண்டும் என்று சனிக்கிழமை காலை துறைக்குப் போனேன்.

படகில் இல்லை. துறை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அதே படகில் ஏறுகிறவர்களுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். விசாரணை முடியும்வரை அந்த வேலை. துறையில் எல்லோரும் அவரைச் சுக்கான் என்றே கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருடம் அதைப் பிடித்தவர். ஐம்பத்திரண்டு வயது, சட்டைப் பித்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தார், குடிப்பவர் மாதிரியே இல்லை. (குடிப்பவர் எப்படி இருப்பார் என்று எனக்கென்ன தெரியும்? பாத்திரங்களைப் பார்த்ததும் எடை போடுகிற புத்தி போகமாட்டேன் என்கிறது.)

நான் நின்ற கொஞ்ச நேரத்தில் அவருடைய மனைவி வந்தார். அக்கரையில் தையல் கூடத்தில் வேலையாம். வரிசையில் நின்று, முறை வந்ததும் டிக்கெட்டை நீட்டினார். அவர் கிழித்துப் பாதியைக் கொடுத்தார். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. படகு கிளம்பும்போது மட்டும் அவர் ஸ்டூலை விட்டு எழுந்து, புதிதாகச் சுக்கான் பிடிக்கிறவர் எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

எழுதுகிறவன் என்று சொல்லிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் வேண்டாவெறுப்பாகத்தான் பேசினார். துறை திறந்த ஆறாவது மாதமே மூங்கில் கழியை விட்டுப் பார்த்து, அடி மேலே வருகிறது என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார். மறுபடி ஒரு வருடம் கழித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டு தடவையும் அறிக்கையை எடுத்துக் காட்டி, படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று அனுப்பிவிட்டார்கள். படகு தரைதட்டிய அடுத்த வாரமே தூர்வாரும் இயந்திரம் வந்து எல்லாவற்றையும் அள்ளிவிட்டது. இப்போது கழியை விட்டால் நல்ல ஆழம் இருக்கிறது. அள்ளிய சேறு கரையில் ஒரு மேடாகக் கிடக்கிறது. அது துறையில் இருந்த சேறா, வெளியே இருந்ததா என்று மேட்டைப் பார்த்து யார் சொல்ல முடியும்?

உரிமம் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கையிலிருந்த டிக்கெட் கட்டைத் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான்.

அவரிடம் அன்று நான் எதையும் சொல்லவில்லை. "தண்ணீர் எடுத்தது" என்று வாய்வரை வந்தது. [இங்கே நான் துணிந்து சொன்னதாக ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். நடக்காதது. அடித்துவிட்டேன்.]

5

(இது அடிக்குறிப்பாகப் போக வேண்டியது. முக்கியம் என்பதால் மேலே கொண்டுவந்துவிட்டேன்.

தண்ணீர் ஏறி முடிந்து, வற்றத் தொடங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் ஓடாமல் நிற்கும். திரண்ட சேறு விழுவது அப்போதுதான். ஒரு தடவைக்கு ஒரு நகத்தின் கனம் விழுந்தாலே அதிகம். யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் நாளுக்கு இரண்டு தடவை, வருடத்துக்கு எழுநூறு தடவைக்கு மேல். இரண்டு வருடத்தில் இடுப்பளவு சேறு. புயல் வந்து கொட்டியதில்லை, யாரும் கொண்டுவந்து போட்டதும் இல்லை. அந்த இரண்டு வருடமும் ஒவ்வொரு ஏற்றத்திலும், நான் தூங்கும்போதும் சாப்பிடும்போதும் கதை வாசித்துக் கைதட்டு வாங்கும்போதும், என் லேபிள் ஒரு நகக் கனம் ஏறிக்கொண்டிருந்தது.)

6

ஞாயிற்றுக்கிழமை இதுவரை எழுதியதை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மண்ணைப் பற்றிய விஷயங்கள் சரியா என்று பார்த்துக் கொடு என்றேன். நேருக்கு நேர் சொல்லத் துப்பில்லாமல் தாளில் கொடுத்தேன் என்று நீங்கள் நினைத்தால், அது சரிதான்.

அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டு, சிவப்புப் பேனாவை எடுத்தாள். முதல் பக்கத்திலேயே ஒரு திருத்தம். களிமண் கரையாது, உப்புதான் கரையும், மண் கலங்கும் என்று சொல்லி, 'கரைத்து' என்பதன் பக்கத்தில் 'கலக்கி' என்று எழுதினாள். இரண்டாம் பகுதியில் சிரித்தாள். மூன்றாம் பகுதியில் பேனா நின்றுவிட்டது. நான் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் எல்லா மாதங்களையும் படித்து முடித்தேன்.

"அஞ்சு அஞ்சு" என்றாள் கடைசியில். "அஞ்சுன்னு போட்டிருந்தா நான் சந்தேகப்பட்டிருப்பேண்டா."

பிறகு எழுந்து போய், அலமாரியிலிருந்து அந்த அறிக்கையின் நகலை எடுத்து வந்து முதலிலிருந்து படித்தாள். ஒரு மணி நேரம் இருக்கும். எங்கேயாவது தன் தப்பு ஒன்று கிடைக்காதா என்று தேடினாள் என்று நினைக்கிறேன். மூடி வைத்துவிட்டு, எல்லாமே சரியாக இருக்கிறது, அதுதான் எரிச்சலாக இருக்கிறது என்றாள்.

நான் ஒரு யோசனை சொன்னேன். இதை எழுதும்போதே கூசுகிறது. வியாழக்கிழமை நீ சந்தேகம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடேன், மறுபடி ஆய்வு செய்யச் சொல்லலாம், என் பெயரும் வேண்டாம், உன் பெயரும் கெடாது என்றேன். அக்காவுக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியும். அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை ஆய்வுக்கூடத்தில் மூன்று பேருக்குத்தான் உண்டு. இருபது வருடத்தில் அவள் சம்பாதித்தது அதுதான். அது போனால் அவளும் டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான், வேறொரு ஸ்டூலில்.

அக்கா கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். குரலை உயர்த்தவில்லை.

"அந்த ஆளோட பிழைப்பு போகப்போகுது. நீ என் பேரப் பத்திப் பேசிட்டிருக்க. கையெழுத்து என்னோடது. உன்னை நம்பி, நானே போய் எடுக்காம விட்டது என் தப்பு. அத நான் சொல்லிக்கிறேன். உன்னோடத நீ சொல்லு. நீ வாயால சொன்னா மட்டும் நம்ப மாட்டாங்க. நம்பவும் கூடாது. தண்ணி எடுத்துட்டு வா. முழு ஏத்தத்துல."

நான் கிளம்பும்போது திரும்பக் கூப்பிட்டு, இந்தக் கதையையும் நிறுத்தாமல் எழுதி முடி என்றாள். அவளைப் பாவமாகக் காட்டக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டாள். காட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

7

திங்கட்கிழமை முழு ஏற்றம் பிற்பகல் மூன்றே முக்காலுக்கு. பதினொன்றே காலுக்கே போய்விட்டேன். நான்கு வருடங்களுக்கு முன் எந்த நேரத்துக்குக் கிளம்பிப் போனேனோ, அந்த நேரத்திலிருந்து உட்கார வேண்டும் என்று தோன்றியது. வெயில் சுள்ளென்று அடித்தது. நாலரை மணி நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதில் கவித்துவம் ஒன்றும் இல்லை, இடுப்புத்தான் வலிக்கும்.

ஒரு மணிக்குப் படகு அக்கரை போன பிறகு கூட்டம் இல்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கேன், லேபிள், புத்தக வெளியீடு, 5.05. இந்த முறை நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

அவர் கையிலிருந்த ஒரு டிக்கெட்டைப் பாதியாகவும், அந்தப் பாதியைப் பாதியாகவும் கிழித்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு தடவ போய்ச் சொன்னேன், அடி மேல வருதுன்னு. ரெண்டு தடவையும் ஒரு பேப்பரக் காட்டினாங்க" என்றார். "அந்தப் பேப்பர் நீதானா?"

"நான்தான் அண்ணே."

எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். அவர் என்னைத் தாண்டி நடந்து துறையின் ஓரத்துக்குப் போய்விட்டார். இரண்டு மணிப் படகு வந்து, டிக்கெட்டுகளைக் கிழித்து, படகு போன பிறகும் என் பக்கம் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மூன்றரைக்கு நான் கேனை எடுத்துக்கொண்டு படியில் இறங்கியபோதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மேல்தண்ணிய எடுக்காத. உப்புத்தண்ணி கனம், அடியிலதான் வரும். இதுகூடத் தெரியாம எப்படி வேல பாத்த?"

அவரே படகிலிருந்து ஒரு கயிற்றையும் ஈயக் குண்டையும் கொண்டுவந்தார். ஒரு பாட்டிலின் கழுத்தில் குண்டைக் கட்டி, தக்கை போட்டு மூடி, தக்கைக்குத் தனியாக ஒரு நூல் கட்டினார். அடிவரை இறக்கி நூலை வெடுக்கென்று இழுத்தால் தக்கை கழன்று அடித்தண்ணீர் ஏறும். மிதந்துவந்த இலை ஒன்று துறைக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடும்வரை பொறுக்கச் சொன்னார். இலை நின்றது. பிறகுதான் இறக்கினோம். ஆறு தடவை இறக்கி ஏற்றிக் கேனை நிரப்பினோம்.

லேபிள் எழுதினேன். நேரம் 3.50 என்று போட்டேன். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அம்பத்திரண்டு" என்றார். அடித்துவிட்டு 3.52 என்று எழுதினேன். எடுத்தவர் என்ற வரியில் என் பெயர். அதன் கீழே லேபிளில் இல்லாத ஒரு வரியை நானே எழுதினேன்: பார்த்தவர். பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவா வேண்டாமா என்று யோசித்தார். முதலிலிருந்து கடைசி வரை லேபிளைப் படித்தார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் அக்கா கேனுக்குள் அளவுக் கருவியை விட்டாள். எண் ஏறிக்கொண்டே போய் நின்றது. கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

8

வியாழக்கிழமை. இதை விசாரணை அறையிலேயே, கடைசி நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருப்பதற்கு நாற்காலி ஒரு காரணம்.

நீளமான மேசை. விசாரணை அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்ட ஓர் அம்மாள். ஒரு பக்கம் அலுவலகத்துக்காரர்கள், ஒரு பக்கம் சுக்கான்காரரும் அவர் மனைவியும். மனைவி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அக்கா எழுந்து நின்று, தன் அறிக்கை தவறு என்று ஒரே வாக்கியத்தில் சொன்னாள். அலுவலகத்துக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்படித் தவறு என்று அதிகாரி கேட்டதும், அக்கா பையிலிருந்து இரண்டு உயரமான கண்ணாடி உருளைகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

கரையில் மேடாகக் கிடந்த சேற்றை எடுத்து, மூன்று தண்ணீர் கழுவி உப்பை நீக்கிக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு உருளைகளிலும் ஒரே அளவு போட்டாள். ஒன்றில், நான் நேற்றுக் காலை வற்றத்தில் எடுத்துவந்த தண்ணீர். மற்றதில் அந்தக் கேன் தண்ணீர். இரண்டையும் ஒரே சமயத்தில் குலுக்கி வைத்தாள். எவ்வளவு நேரம் ஆகும் என்று அதிகாரி கேட்டார். அரை மணி என்றாள் அக்கா. அதிகாரி மணியைப் பார்த்துவிட்டு, சரி, காத்திருக்கலாம் என்றார். பதினொன்றே கால்.

இரண்டு உருளைகளும் ஒரே மாதிரி கலங்கியிருக்கின்றன. அறையில் எல்லோரும் சேற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் கதைகளை யாரும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

பத்திரிகைக்கு முடிவு வேண்டும். என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதல் முடிவு: ஒரு உருளை தெளிகிறது, அதிகாரி உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கிறார், நாளைக் காலை படகில் அவர் மனைவி டிக்கெட்டோடு ஏறும்போது இருவரும் நிமிர்ந்து [வேண்டாம். எனக்குப் பிடித்திருக்கிறது, அதனாலேயே வேண்டாம்.]

இரண்டாம் முடிவு: இரண்டு கண்ணாடிக் குழாயை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று விசாரணையைத் தள்ளிவைக்கிறார்கள், அக்காவின் கையெழுத்து உரிமை போகிறது, அவர் ஸ்டூலிலேயே [நடக்கலாம். நடந்தால் நானும் அக்காவும் மறுபடி தண்ணீர் எடுக்கப் போவோம். அதற்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேசையிலும் கொண்டுபோய் வைப்போம்.]

மூன்றாம் முடிவு: [எழுதவில்லை.]

எனக்கு முடிவு எழுதத் தெரியாமல் இல்லை. ஒருமுறை நடக்காததை நடந்ததாக, நேரம் போட்டு, நம்பும்படி எழுதிக் கொடுத்தேன். ஒரு மனிதர் இரண்டு வருடம் அதன்மேல் படகு ஓட்டினார். இனி அவரைப் பற்றி நடக்காத எதையும், அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எழுத மாட்டேன்.

அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு பழைய அறிக்கையைப் புரட்டுகிறார். பின்னிணைப்பில் அந்த லேபிளின் நகல் இருக்கிறது. நிறுத்துகிறார். "இதுல அஞ்சு மணி அஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கு. இந்தத் தண்ணிய எடுத்தது யாரு?" என்று கேட்கிறார். அக்கா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. சுக்கான்காரர் பார்க்கிறார்.

எழுந்திருக்கப் போகிறேன். அதற்கு முன், மூன்றாம் தொடக்கத்தில் பாதியில் நின்ற வாக்கியத்தை இங்கே முடித்துவிடுகிறேன், அங்கே போய் நாக்குக் குழறினாலும் தாளில் இருக்கட்டும்: நான்கு வருடங்களுக்கு முன் அந்த இடத்தில் நான் தண்ணீர் எடுத்தது காலை பதினொன்றே காலுக்கு, வற்றத்தில். ஐந்து மணி ஐந்து நிமிடம் என்பது பொய்.

உருளை தெளிவதை நான் எழுதினால் நீங்கள் நம்பக் கூடாது. உங்கள் வீட்டில் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் இருக்கும். ஒரு பிடி களிமண்ணை நுணுக்கி, நல்ல தண்ணீரில் கலக்கி, இரண்டிலும் சமமாக ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி உப்பு. எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதித் தம்ளரில் ஒட்டிவையுங்கள். கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள்.